பின்னால் பார்த்தால் எல்லாம் தெளிவு: ஐஸ் ஹாக்கியில் டிராஃப்ட் பிக் வியாபாரங்கள்

1970-ஆம் ஆண்டு மே மாதம் வட அமெரிக்காவின் இரண்டு ஐஸ் ஹாக்கி அணிகளுக்கு இடையே ஒரு சாதாரண வியாபாரம் நடந்தது. கனடாவின் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணி, எர்னி ஹிக்கி என்ற இளம் வீரரையும், அந்த ஆண்டு டிராஃப்டில் தனக்கிருந்த முதல் ரவுண்டு தேர்வு உரிமையையும் கொடுத்தது. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் சீல்ஸ் அணி அதற்குப் பதிலாக பிரான்சுவா லகோம்ப் என்ற வீரரையும், கொஞ்சம் பணத்தையும், அடுத்த ஆண்டின் (1971) முதல் ரவுண்டு தேர்வு உரிமையையும் கொடுத்தது. பெரிய பரபரப்பு எதுவும் இல்லை.

ஒரு வருடம் கழித்து அந்த உரிமையை வைத்து மான்ட்ரியால் தேர்ந்தெடுத்த பையனின் பெயர் கி லாஃப்லூர். மான்ட்ரியாலுக்காக அவர் அடித்த கோல்கள் 518. வென்ற ஸ்டான்லி கோப்பைகள் ஐந்து. சீல்ஸ் அணியோ 1976-ல் ஊரை விட்டே போனது; 1978-ல் வேறொரு அணியோடு இணைக்கப்பட்டு, பெயரே இல்லாமல் போனது.

இன்று ஹாக்கி ரசிகர் யாரைக் கேட்டாலும் இது வரலாற்றின் மிக முட்டாள்தனமான வியாபாரங்களில் ஒன்று என்பார். ஆனால் 1970 மே மாதத்தில், கையெழுத்துப் போட்ட அந்த நாளில், அது முட்டாள்தனமாகத் தெரிந்திருக்க வேண்டுமா? முடிவு தெரிந்த பிறகு முடிவெடுத்தவரை எடை போடுவது எந்த அளவுக்கு நியாயம்? ஐஸ் ஹாக்கியின் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணங்களைத் தருகிறது.

டிராஃப்ட் என்றால் என்ன?

என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக்தான் வட அமெரிக்காவின் தலையாய ஐஸ் ஹாக்கிப் போட்டி. ஒரு காலத்தில் இதில் இருந்தவை ஆறே அணிகள். அந்த அணிகள் ஜூனியர் குழுக்களுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தன. அங்கே வளரும் பையன்களை இளம் வயதிலேயே ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டன. பணமும் பெயரும் உள்ள அணிக்கே நல்ல பையன்கள் கிடைத்தார்கள்.

இதை மாற்றத்தான் 1963-ல் மான்ட்ரியால் நகரில் முதல் டிராஃப்ட் நடந்தது. எந்த அணியின் பிடியிலும் இல்லாத இளைஞர்களை அணிகள் ஒவ்வொன்றாக முறை வைத்துத் தேர்ந்தெடுத்தன. அந்த முதல் ஆண்டில் தேர்வானவர்கள் 21 பேர்தான். பழைய ஆதரவு முறை மெல்ல ஒழிந்து, 1969 வாக்கில் டிராஃப்டே நல்ல இளைஞர்களைப் பெறும் முக்கிய வழியாகிவிட்டது.

அடிப்படை விதி எளிது. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. நலிந்த அணி எழுந்து நிற்கட்டும் என்ற எண்ணம். (1995 முதல் இதில் குலுக்கல் முறையும் சேர்ந்துகொண்டது. வேண்டுமென்றே தோற்று முதல் இடத்தைப் பிடிப்பதைத் தடுக்க அந்த ஏற்பாடு.) இந்த வாய்ப்பைத்தான் 'டிராஃப்ட் பிக்' என்கிறார்கள். சுருக்கமாக, பிக்.

பிக்கை விற்கலாம், மாற்றலாம். அடுத்த ஆண்டின் பிக்கை இன்றே கொடுத்துவிடலாம். அதற்கு அடுத்த ஆண்டின் பிக்கையும் கொடுக்கலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த ஆண்டின் பிக் என்பது எத்தனையாவது இடம் என்று இன்று யாருக்கும் தெரியாது. அது அந்த அணி எப்படி ஆடப்போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தில் எந்தப் பையன் கிடைப்பான் என்பதும் தெரியாது. அந்தப் பையன் என்னவாக வளர்வான் என்பது யாருக்குமே தெரியாது. ஆக, ஒரு பிக்கில் மூன்று 'தெரியாது'கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

கிடைக்கப் போகும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்று ஒரு பழமொழி உண்டு. பிக்கை விற்பவர்கள் அத்தனை பேரும் நம்பியது இந்தப் பழமொழியைத்தான். பல சமயம் அவர்கள் நம்பியது சரியாகவும் இருந்தது. சரியாகப் போன வியாபாரங்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சீல்ஸ் செய்த கணக்கு

1970-ல் சீல்ஸ் அணியின் நிலை என்ன? 1968-69 பருவத்தில் தன் பிரிவில் இரண்டாவது இடம். 1969-70 பருவத்தில் நான்காவது இடம். அடுத்த சுற்றான பிளே-ஆஃபுக்கும் தகுதி. சிறந்த அணி இல்லை. ஆனால் கடைசி அணியும் இல்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். 1970-71 பருவத்தில் பஃபலோ, வான்கூவர் என்று இரண்டு புத்தம் புதிய அணிகள் லீக்கில் சேரவிருந்தன. புதிய அணிகள் பொதுவாக அடிமட்டத்தில்தான் கிடக்கும். ஆகவே சீல்ஸ் நிர்வாகம் 'எப்படியும் நமக்குக் கீழே இரண்டு அணிகள் இருக்கும், முதல் பிக் நம்முடையதாக இருக்கப் போவதில்லை' என்று நினைத்திருந்தால் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது.

நடந்தது வேறு. அந்தக் கோடையில் அணியைச் சார்லஸ் ஃபின்லி என்ற பேஸ்பால் முதலாளி வாங்கினார். நிர்வாகத்தில் குழப்பம். பருவ முடிவில் சீல்ஸ் எடுத்த புள்ளிகள் 45 மட்டுமே. புதிய அணியான பஃபலோ 63, வான்கூவர் 56. பழம்பெரும் டெட்ராய்ட் 55. பதினான்கு அணிகளில் சீல்ஸ் கடைசி. முதல் பிக் மான்ட்ரியாலின் கைக்குப் போனது.

ஹிக்கி ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தில் அவர் 22 கோல் அடித்தார். ஆனால் மான்ட்ரியாலிடமிருந்து வாங்கிய 1970 பிக்கில் சீல்ஸ் தேர்ந்தெடுத்த கிறிஸ் ஓடில்ஃப்சன் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

சீல்ஸ் பக்கம் இத்தனை நியாயம் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. லாஃப்லூர் யாருக்கும் தெரியாத பையன் அல்ல. கியூபெக் ரெம்பார்ட்ஸ் ஜூனியர் அணிக்காக 1969-70 பருவத்தில் 103 கோல் அடித்தவர். அடுத்த பருவத்தில் 130. 1971 டிராஃப்டில் லாஃப்லூர், மார்செல் டியான் என்று இரண்டு அசாதாரண வீரர்கள் வரப்போகிறார்கள் என்பது ஹாக்கி உலகம் அறிந்த செய்தி. மான்ட்ரியாலின் மேலாளர் சாம் பாலக் 1970-ன் பிக்கைக் கொடுத்து 1971-ன் பிக்கை வாங்கியது தற்செயல் இல்லை. பிரெஞ்சுக் கனேடிய இளைஞர்கள் இருவரை முன்னுரிமையோடு எடுத்துக்கொள்ள மான்ட்ரியாலுக்கு இருந்த தனிச் சலுகையும் 1969-உடன் முடிந்திருந்தது. லாஃப்லூர் போன்ற உள்ளூர்ப் பையன் வேண்டுமென்றால் இனி வேறு யாருடைய பிக்கையாவது பிடிக்க வேண்டும் என்ற நிலை.

ஆகவே சீல்ஸ் செய்த பிழை 'நாம் கடைசியாக வரமாட்டோம்' என்று நினைத்தது அல்ல. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான் பிழை. அதுவும் தொகை பெரிதாக இருக்கக்கூடும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஆண்டில்.

ஒரு கதையும் அதன் கணக்கும்

இந்த வியாபாரத்தோடு ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1971 ஜனவரியில் பாலக் தன் அனுபவ வீரர் ரால்ஃப் பேக்ஸ்ட்ராமை லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்கு அனுப்பினார். கிங்ஸ் பலவீனமாக இருந்தது. அது சீல்ஸுக்குக் கீழே போய்விட்டால் முதல் பிக் கிங்ஸுக்குப் போய்விடும். அதைத் தடுக்கவே கிங்ஸுக்குப் பாலக் கைகொடுத்தார் என்பது கதை. சாணக்கியத்தனத்துக்கு உதாரணமாக இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

கணக்கைப் பார்த்தால் கதை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. பருவ முடிவில் கிங்ஸ் எடுத்தது 63 புள்ளி. சீல்ஸை விட 18 அதிகம். பாதிப் பருவமே ஆடிய ஒரே ஒரு வீரர் 18 புள்ளி வித்தியாசத்தை உண்டாக்கினார் என்பது நம்பக் கஷ்டம். தவிர, பேக்ஸ்ட்ராம் தானே வேறு அணிக்குப் போக விரும்பியவர். பாலக்கின் மனதில் அந்த எண்ணமும் இருந்திருக்கலாம். ஆனால் கதைக்கு இவ்வளவு ஆயுள் கிடைத்ததற்குக் காரணம் லாஃப்லூர் பெற்ற வெற்றிதான். நல்லபடி முடிந்த ஒரு விஷயத்துக்கு முந்தைய ஒவ்வொரு அசைவும் திட்டமிட்டதாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

அந்த வெற்றியும் உடனே வரவில்லை. ஹாக்கியில் ஒரு வீரரின் கோல்களையும், கோலுக்கு உதவிய பாஸ்களையும் கூட்டி 'புள்ளி' என்பார்கள். முதல் மூன்று பருவங்களில் லாஃப்லூர் எடுத்தவை 64, 55, 56. இரண்டாவது பிக்காக டெட்ராய்ட் எடுத்த டியானுக்கு அதே மூன்று பருவங்களில் 77, 90, 78. 1974 கோடையில் யாராவது தீர்ப்பு எழுதியிருந்தால் 'மான்ட்ரியால் தவறான பையனை எடுத்துவிட்டது' என்றுதான் எழுதியிருப்பார்கள். அடுத்த பருவத்தில் லாஃப்லூர் 53 கோல், 119 புள்ளி. தொடர்ந்து ஆறு பருவங்கள் 50 கோலுக்குக் குறையவில்லை. டியானும் சளைத்தவர் அல்ல. 731 கோலோடு ஓய்வு பெற்றார். ஆனால் ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூடத் தொடவில்லை.

ஒரே வியாபாரம். 1970-ல் ஒரு தீர்ப்பு, 1974-ல் ஒரு தீர்ப்பு, 1979-ல் ஒரு தீர்ப்பு. எந்த வருடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

அதே ஆள், அதே முறை, வேறு முடிவு

பாலக் 1964 முதல் 1978 வரை மான்ட்ரியாலின் மேலாளராக இருந்தார். அந்தக் காலத்தில் அணி வென்ற கோப்பைகள் ஒன்பது. அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். தன்னிடம் மிதமிஞ்சி இருக்கும் வீரர்களைப் பலவீனமான அணிகளுக்குக் கொடுப்பார். அவர்களின் எதிர்காலப் பிக்கை வாங்கிக்கொள்வார்.

1976-ல் கொலராடோ ராக்கீஸ் என்ற நலிந்த அணியோடும் இதையே செய்தார். ரான் ஆண்ட்ரஃப், ஷான் ஷனஹன் என்ற இரண்டு சாதாரண வீரர்களைக் கொடுத்து, நான்கு வருடம் கழித்து வரும் 1980 டிராஃப்டில் இரு அணிகளும் முதல் ரவுண்டு பிக்கைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம். 1980-ல் கொலராடோ கடைசி இடம். முதல் பிக் மான்ட்ரியாலுக்கு! லாஃப்லூர் வியாபாரத்தைவிட மலிவான பேரம் இது.

பாலக் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த முதல் பிக்கில் டக் விக்கன்ஹைசரைத் தேர்ந்தெடுத்தார்கள். மான்ட்ரியாலிலேயே ஜூனியர் ஹாக்கி ஆடிய உள்ளூர்ப் பையன் டெனி சவாரை விட்டுவிட்டார்கள். மூன்றாவது பிக்கில் சவாரைச் சிகாகோ எடுத்துக்கொண்டது. சவார் தன் ஆட்ட வாழ்க்கையில் எடுத்தவை 1338 புள்ளி. விக்கன்ஹைசர் 276.

இப்போது 1976 வியாபாரம் நல்லதா, கெட்டதா? பலனை மட்டும் வைத்துப் பார்த்தால் தோல்வி. ஆனால் வியாபாரம் செய்த ஆள் வாங்கித் தந்தது முதல் இடம். அந்த இடத்தில் நின்று யாரைக் கைகாட்டுவது என்பது வேறு ஆட்கள், வேறு நாளில் எடுத்த வேறு முடிவு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி மதிப்பெண் போடக் கூடாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1978-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், பாஸ்டனிடமிருந்து ரான் கிரஹாம் என்ற கோல்கீப்பரை வாங்கத் தன் 1979 முதல் ரவுண்டு பிக்கைக் கொடுத்தது. அது எட்டாவது இடமாக அமைந்தது. பாஸ்டன் அதில் எடுத்தவர் ரே போர்க். என்.எச்.எல். வரலாற்றில் அதிகப் புள்ளிகள் (1579) எடுத்த தடுப்பாட்டக்காரர். கிங்ஸ் போர்க்கை இழந்துவிட்டது என்பார்கள். ஆனால் போர்க்குக்கு முன்னால் ஏழு பேர் தேர்வானார்கள். அந்தப் பிக்குகளை வைத்திருந்தவர்களுக்கும் கண் இருந்தது. அவரைத் தாண்டித்தான் போனார்கள். பிக் கையிலேயே இருந்திருந்தால் கிங்ஸ் போர்க்கைத்தான் எடுத்திருக்கும் என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது விளைந்த பிறகு சொல்லும் பேச்சு.

ஒரு மனிதரின் பெயர்

டொராண்டோ ரசிகர்களிடம் டாம் கர்வர்ஸ் என்ற பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். 1989 அக்டோபரில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, நியூஜெர்சி டெவில்ஸ் அணியிலிருந்து கர்வர்ஸை வாங்கியது. விலை, 1991-ன் முதல் ரவுண்டு பிக்.

முதல் பருவத்தில் வியாபாரம் நன்றாகவே தெரிந்தது. தடுப்பாட்டக்காரரான கர்வர்ஸ் 52 புள்ளி எடுத்தார். முந்தைய பருவத்தில் 62 புள்ளி எடுத்த டொராண்டோ 80 புள்ளிக்கு உயர்ந்து பிளே-ஆஃபுக்குப் போனது. ஆனால் 1990-91 பருவத்தில் அணி சரிந்தது. 57 புள்ளி. நடுப்பருவத்திலேயே கர்வர்ஸ் வான்கூவருக்கு அனுப்பப்பட்டார். 1991-ல் அந்தப் பிக் மூன்றாவது இடமாக அமைந்தது. நியூஜெர்சி எடுத்தவர் ஸ்காட் நீடர்மயர். நான்கு ஸ்டான்லி கோப்பைகள், 2004-ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது, 2013-ல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம்.

'கர்வர்ஸைக் கொடுத்து நீடர்மயரை வாங்கினார்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் டொராண்டோவிடம் நீடர்மயர் எந்த நாளும் இருந்ததில்லை. இருந்தது ஒரு வாய்ப்புச் சீட்டு. அதே டிராஃப்டில் நீடர்மயருக்கு முன்னால், இரண்டாவது பிக்காக, சான் ஹோசே எடுத்த பேட் ஃபாலூன் பெரிய நட்சத்திரமாக வளரவே இல்லை. மூன்றாவது இடத்தில் டொராண்டோ வேறு யாரையாவது எடுத்திருக்கவும் கூடும்.

ஆனாலும் டொராண்டோ நிர்வாகத்தை முழுதாக விடுவிக்க முடியாது. பல வருடங்களாகத் தடுமாறிக்கொண்டிருந்த அணி அது. அப்படிப்பட்ட அணி இரண்டு பருவம் தள்ளி வரும் பிக்கை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது ஆபத்து என்பது கையெழுத்துப் போட்ட அன்றே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அது பின்னால் தெரிந்த ஞானம் இல்லை.

இதில் யாரும் கவனிக்காத ஒருவர் கர்வர்ஸ். அவர் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. விற்கப்பட்டவர் அவர். 1984-ல் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கியவர். 1986-ல் மான்ட்ரியாலோடு ஸ்டான்லி கோப்பை வென்றவர். பின்னாளில் மின்னசோட்டா அணியின் நிர்வாகத்தில் பணியாற்றி, 2021-ல் புற்றுநோயால் இறந்தார். இவ்வளவும் இருந்தும் ஒரு நகரம் அவரை நினைவில் வைத்திருப்பது யாரோ செய்த மோசமான பேரத்தின் பெயராக மட்டுமே. அவசரத் தீர்ப்புகளுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

லிண்ட்ராஸ்: வென்றது யார்?

1991-ல் முதல் பிக்கில் கியூபெக் நோர்டிக்ஸ் அணி எடுத்த எரிக் லிண்ட்ராஸ், அந்த அணிக்கு ஆடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஒரு வருட இழுபறி. 1992 ஜூனில் கியூபெக் அவரைப் பிலடெல்ஃபியாவுக்கும் விற்றது, நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் விற்றது! லாரி பெர்டூசி என்ற வழக்கறிஞர் நடுவராக அமர்ந்து விசாரித்து, பிலடெல்ஃபியாவுக்கே உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்.

பிலடெல்ஃபியா கொடுத்த விலை மலைக்க வைக்கும். பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மைக் ரிச்சி, ரான் ஹெக்ஸ்டால், ஸ்டீவ் டுஷேன், கெரி ஹஃப்மன், கிறிஸ் சைமன், இரண்டு முதல் ரவுண்டு பிக்குகள், 1.5 கோடி டாலர் பணம்.

முந்தைய பருவத்தில் 52 புள்ளி எடுத்த கியூபெக் 1992-93-ல் 104 புள்ளிக்குத் தாவியது. வாங்கிய பிக்குகளில் ஒன்றில் ஜோஸ்லின் திபோ என்ற கோல்கீப்பரை எடுத்தது. 1995 டிசம்பரில் திபோ உள்ளிட்ட மூவரைக் கொடுத்து, மான்ட்ரியாலிடமிருந்து மைக் கீனோடு பேட்ரிக் ரூவாவையும் பெற்றது. 1996-ல் ரூவாவும் ஃபோர்ஸ்பெர்க்கும் இருந்த அந்த அணி கோப்பையை வென்றது. 2001-ல் மறுபடியும்.

லிண்ட்ராஸ் சோடை போகவில்லை. 1995-ல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை அவருக்குத்தான். 1997-ல் பிலடெல்ஃபியாவை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். டெட்ராய்ட் நான்கே ஆட்டங்களில் வென்றது. பிறகு தலையில் அடுத்தடுத்து அடிகள், மூளை அதிர்ச்சி, ஓய்வு. 760 ஆட்டங்களில் 865 புள்ளி. ஃபோர்ஸ்பெர்க் 708 ஆட்டங்களில் 885. விற்கப்பட்டவர் வாங்கப்பட்டவரைவிட ஒரு படி மேலே போய்விட்டார். ஆனால் 1992-ல் ஃபோர்ஸ்பெர்க் ஸ்வீடனில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர். ஆறாவது பிக்காக எடுக்கப்பட்டவர். லிண்ட்ராஸின் தலையில் விழப்போகும் அடிகளையும் அன்று எந்த மேலாளரும் பார்த்திருக்க முடியாது.

'கியூபெக் வென்றது' என்று எழுதும்போது இன்னொரு விஷயம் மறந்துபோகிறது. கோப்பைகளை வென்ற அணி கியூபெக்கில் இல்லை. 1995 கோடையில் பணமுடையால் அணி விற்கப்பட்டு அமெரிக்காவின் டென்வருக்குப் போய், கொலராடோ அவலாஞ்ச் ஆகிவிட்டது. ஊரை விட்டுப் போன அடுத்த வருடமே கோப்பை! வியாபாரத்தில் வென்றது யார் என்றால், அணி நிர்வாகம் வென்றது. அந்த அணியை வளர்த்த ஊர் ரசிகர்களுக்குக் கிடைத்தது தொலைக்காட்சியில் பார்க்கும் வாய்ப்பு மட்டும்.

மாறிக்கொண்டே போன தீர்ப்பு

2009 செப்டம்பரில் டொராண்டோ மறுபடியும் துணிந்தது. பாஸ்டனிடமிருந்து ஃபில் கெசலை வாங்கியது. விலை, 2010-ன் முதல், இரண்டாம் ரவுண்டு பிக்குகளும் 2011-ன் முதல் ரவுண்டு பிக்கும். டொராண்டோ அந்தப் பருவத்தில் முப்பது அணிகளில் 29-ஆவது. பிக்குகள் டைலர் சேகின் (2-ஆவது), ஜேரட் நைட் (32-ஆவது), டக்கி ஹாமில்டன் (9-ஆவது) ஆயின. 2011-ல் சேகின் புதுமுகமாக ஆடிய பாஸ்டன் கோப்பையை வென்றது. டொராண்டோ அங்கே ஆட வரும்போதெல்லாம் பாஸ்டன் ரசிகர்கள் கெசலுக்கு நன்றி சொல்லிக் கோஷம் போட்டார்கள். வழக்கு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2013-ல் பாஸ்டன் சேகினை டாலஸுக்கு விற்றது. அங்கே அவர் நட்சத்திரமானார். 2015-ல் ஹாமில்டனைக் கல்கரிக்கு விற்றது. அதற்குக் கிடைத்த 15-ஆவது பிக்கில் எடுத்த சாக் செனிஷின் என்.எச்.எல்.லில் நிலைக்கவில்லை. அதற்கு அடுத்த 16-ஆவது பிக்கில் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தவர் மேத்யூ பார்சல். கெசலோ டொராண்டோவுக்காக 446 ஆட்டங்களில் 394 புள்ளி எடுத்துக் கொடுத்துவிட்டு, பிட்ஸ்பர்க்கோடு 2016, 2017-லும், வேகாஸோடு 2023-லும் கோப்பை வென்றார். 2011-ல் பாஸ்டனுக்குச் சாதகமாக எழுதிய தீர்ப்பை 2016-ல் அப்படியே எழுத முடியாது.

மனம் செய்யும் தந்திரம்

இது ஹாக்கியோடு நிற்கும் பிரச்சினை இல்லை. 1975-ல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். 1814-ல் நேபாளத்தில் கூர்க்காக்களுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் பலரிடம் படிக்கக் கொடுத்தார். ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் வென்றதாகச் சொன்னார். இன்னொன்றிடம் கூர்க்காக்கள் வென்றதாக. வேறு குழுக்களிடம் யாருக்கும் வெற்றியில்லை என்று. ஒரு குழுவிடம் முடிவையே சொல்லவில்லை. பிறகு 'முடிவு தெரியாது என்று வைத்துக்கொண்டு, எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லுங்கள்' என்று கேட்டார். ஒவ்வொரு குழுவும் தன்னிடம் சொல்லப்பட்ட முடிவுதான் இயல்பானது என்று சாய்ந்தது.

முடிவு தெரிந்த மூளையால் முடிவு தெரியாதது போல யோசிக்க முடிவதில்லை. 'அப்போதே தெரியும்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்போதே தெரிந்தது போல அவருக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் எப்படித்தான் எடை போடுவது?

பின்னோக்கிப் பார்ப்பதே தவறு என்று சொல்லிவிட்டால் வரலாறு எழுதவே முடியாது. மேலாளர்கள் எப்போதும் 'அன்று யாருக்குத் தெரியும்' என்று தப்பித்துக்கொள்வார்கள். பார்க்கலாம், ஆனால் கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: கையெழுத்துப் போட்ட நாளில் என்ன தெரிந்திருந்தது? சீல்ஸுக்கு லாஃப்லூரின் 103 கோல் தெரியும். பிலடெல்ஃபியாவுக்கு லிண்ட்ராஸின் காயங்கள் தெரியாது. முதலாவது பழிக்கு உரியது, இரண்டாவது விதி.

இரண்டாவது: தோற்றால் எவ்வளவு இழப்பு என்று யோசித்தார்களா? நல்ல பேரத்துக்கு அடையாளம் ஜெயிப்பது மட்டுமல்ல. தோற்றாலும் தாங்கும்படி இருப்பதும்தான்.

மூன்றாவது: பலனில் எந்தப் பங்கு வியாபாரத்தினுடையது, எந்தப் பங்கு பிறகு எடுத்த முடிவுகளுடையது? விக்கன்ஹைசர் பாலக்கின் கணக்கில் எழுதப்பட வேண்டியவர் அல்ல.

இந்தப் பாடத்தை அணிகளும் ஓரளவு கற்றுக்கொண்டன. இப்போது 'பாதுகாக்கப்பட்ட பிக்' என்ற நிபந்தனை வழக்கத்தில் இருக்கிறது. 2017 நவம்பரில் ஒட்டாவா அணி மேட் டூஷேனை வாங்கியபோது தன் 2018 முதல் ரவுண்டு பிக்கைக் கொலராடோவுக்குக் கொடுத்தது. ஆனால் அது முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் தானே வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டின் பிக்கைத் தரலாம் என்று எழுதிக்கொண்டது. சில மாதங்களுக்கு முன்னால்தான் ஒட்டாவா அரையிறுதிக்கு நிகரான சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை போயிருந்தது. அந்த நேரத்தில் அந்த நிபந்தனை தேவையற்றதாகத்தான் தெரிந்திருக்கும்.

அணி சரிந்தது. 2018-ல் 31 அணிகளில் 30-ஆவது. நிபந்தனை காப்பாற்றியது. நான்காவது பிக்கைத் தானே வைத்துக்கொண்டு பிராடி கச்சக்கை எடுத்தது. 2021-ல் அவரே அணித் தலைவரானார். ஆனால் அடுத்த பருவத்தில் ஒட்டாவா கடைசி இடம். இந்த முறை பாதுகாப்பு இல்லை. குலுக்கலில் நான்காவதாக இறங்கிய அந்தப் பிக்கில் கொலராடோ போவன் பைரமை எடுத்தது. 2022-ல் அவரோடு கோப்பையையும் வென்றது. டூஷேனை ஒட்டாவா 2019 பிப்ரவரியிலேயே விற்றுவிட்டது.

இது நல்ல வியாபாரமா? பலனைப் பார்த்தால் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி நிபந்தனை இல்லாவிட்டால் 2018 பிக்கை விட்டுக் கொடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும். அதை எழுதியவர்கள் எதிர்காலத்தைப் பார்க்கவில்லை. தாங்கள் தவறாக இருக்கக்கூடும் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். 1970-ல் ஓக்லாண்டில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான். ஒரு பிக் பிற்காலத்தில் யாராக மாறியது என்பது சுவையான கதை. முடிவெடுத்தவரை எடை போட, அந்த வரி எழுதப்பட்டதா இல்லையா என்று பார்ப்பதே நியாயமான தராசு.